புதுப்பிப்பு: பெர்ல் ஸ்கிரிப்டில் காணாமல் போன ரெக்கார்டுகள், காரணம் கிடைத்தது

இரவு கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் முடிகிறது, டேபிளில் பாதி ரெக்கார்டைக் காணோம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பெர்லை டேட்டாபேஸோடு இணைக்கும் டிபிஐ மாட்யூலில், பிழையை எச்சரிக்கையாக மட்டும் காட்டும் பிரிண்ட்எரர் தானாகவே இயங்கும். பிழை வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்தும் ரெய்ஸ்எரர் நாம் போட்டால்தான். அதனால் ரெக்கார்டைச் சேர்க்கும் இன்சர்ட் தோற்றபோதும் வெறும் எச்சரிக்கைதான் வந்தது. அதையும் கிரானில், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பியிருந்தேன்.

இப்போது கனெக்டிலேயே ரெய்ஸ்எரர் 1, ஆட்டோகமிட் 0 (ஒவ்வொரு மாற்றமும் உடனே நிரந்தரமாகாது). மொத்த வேலையும் பிழையைப் பிடித்துக்கொள்ளும் எவாலுக்குள். கடைசியில் கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது), தவறினால் ரோல்பேக் (அவற்றை ரத்துசெய்வது). ஒரு நாள் முழுக்க என்னை அலைக்கழித்தது வேறொன்று: ரோல்பேக்கும் தோற்கலாம் என்று அதையும் தனி எவாலில் வைத்தேன், முதல் பிழைச்செய்தி அழிந்துபோனது. தயவுசெய்து அந்தச் செய்தியை முதலில் ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரோல்பேக் முடிந்ததும் அதை வைத்தே மறுபடி டை (பிழையோடு நிறுத்துவது) செய்யுங்கள். ஷோஎரர்ஸ்டேட்மென்ட்டும் போட்டால் எந்த எஸ்க்யூஎல் கட்டளை தோற்றது என்று செய்தியிலேயே தெரியும்.