ரோபி ஹவுஸைப் படமெடுக்க யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சிகாகோவில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1910-இல் முடிந்த ரோபி ஹவுஸ் என்ற வீட்டை ஆவணப் புகைப்படங்களாக எடுக்கப் போகிறேன். அழகுக்காக அல்ல, செங்கல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது வரை தெரிய வேண்டும்.

சிக்கலே அந்தச் செங்கல்தான். நீளமான, ஒல்லியான ரோமன் செங்கல். கிடைமட்ட இடுக்குகளில் வெளிர் நிறக் கலவை உள்வாங்கி இருக்கும். செங்குத்து இடுக்குகளில் செங்கல் நிறக் கலவையை மட்டமாகப் பூசி மறைத்துவிட்டார்கள். அதனால்தான் சுவர் முழுக்கப் படுக்கைக் கோடுகளாகத் தெரிகிறது. வெளிச்சம் சுவரின் மேல் நேராக விழுந்தால் இந்த ஆழம் படத்தில் வராது. முகப்பு தெற்குப் பார்த்தது. மேலே பெரிய கூரை நீட்சி வேறு, உச்சி வெயிலில் பாதிச் சுவர் கறுத்துவிடும். காலைச் சாய்வெயில் நல்லதா, மேகமூட்டமா?

உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். எச்.டி.ஆர். (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பது) போட்டால் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியின் நிறமும் அறையின் இருட்டும் ஒரே படத்தில் நிற்க என்ன செய்வீர்கள்?

அப்புறம், கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் எடுக்க உதவும் 24 எம்.எம். ஷிஃப்ட் லென்ஸை வாடகைக்கு எடுப்பது தேவையா, இல்லை மென்பொருளில் நிமிர்த்தினால் போதுமா? கட்டடங்கள் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.