பாண்டியனைக் கொடுங்கோலன் என்று எழுதலாமா?

ஹட்டன் மாணவி:
உயர்தரத்தில் தமிழ் படிக்கிறேன். அரசியலில் பிழைத்தோருக்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்தே தீரும் என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்லும் மூன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் பாண்டியனின் பாத்திரப் பண்பை விளக்கும்படி கேட்ட வினாவுக்கு, ‘கொடுங்கோலன்’ என்று தொடங்கி முதலாவது கருத்தையே ஒரு பக்கம் எழுதினேன். 20க்கு 7 புள்ளிகளே கிடைத்தன. கருப்பொருளையும் பாத்திரத்தையும் எவ்வாறு இணைத்துப் படிப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை:
மகள், கருப்பொருளை முன்னே வைத்துக்கொண்டு பாத்திரத்தை அதற்குள் திணித்ததுதான் பிழை. கொடுங்கோலனாக இருந்திருந்தால், தலைவிரிகோலமாக வாயிலில் நின்ற கண்ணகியை அவன் உள்ளே அழைத்திருக்கவே மாட்டான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று மறைக்காமல் சொல்லி, கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை அவள் முன்னே வைக்கச் செய்தவனும் அவனே. இத்தனை நேர்மையுள்ளவன் எங்கே பிழைத்தான்? ஊடிச் சென்ற தேவியைத் தேடி விரைந்த வேளையில், எதிர்ப்பட்ட பொற்கொல்லனின் சொல்லை ஆராயாமல் நம்பிய இடத்தில். அங்கே விரலை வைத்துப் படித்தால், பதிகத்தின் வரி அவனுடைய வாழ்க்கையாகவே தெரியும்.

மஸ்கெலியா வாசகி:
ஐயா சொன்னதோடு கொலைக்களக் காதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோவலனைப் பார்த்த காவலருக்கு அவன் கள்வனாகத் தோன்றவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வரின் துணைகள் எட்டையும் அடுக்கிப் பொற்கொல்லன் அவர்களைக் குழப்புகிறான். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான். என் அம்மா கொழுந்தெடுத்த காலத்தில், கங்காணி சொன்ன ஒரு பொய்யால் அவருக்கு ஒரு நாள் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. உண்மை தெரிந்த பலர் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்தக் காதையில் பொற்கொல்லனைவிட, ஐயப்பட்டும் தடுக்காமல் நின்ற காவலர்மீதே எனக்குக் கோபம் மிகுதி.

ஹட்டன் மாணவி:
இருவருக்கும் நன்றி. பொற்கொல்லனின் சொல்லை நம்பிய அந்த நேரத்தை வினை விளையும் காலம் என்று இளங்கோவே சொல்கிறாரே, அப்படியானால் பாண்டியனைப் பிழை செய்தவன் என்பது சரியாகுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை:
அது கவிஞர் நம்மிடம் சொல்வது. மாணிக்கம் தெறித்து விழுந்தபோது பாண்டியன் வினையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட தானே கள்வன் என்று சொல்லித்தான் விழுந்தான்.