ஊத்துத் தண்ணீரும் எங்கள் மேஜரும்

தொண்ணூறுகளின் தொடக்கம். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்து இரண்டாவது வருடம். தோளில் ஒற்றை நட்சத்திரம், செகண்ட் லெப்டினன்ட். (அந்தப் பதவியே இப்போது கிடையாது.) பயிற்சி முகாமுக்காக எங்கள் கம்பெனியைத் தனுஷ்கோடிப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள்.

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். வினையே அதுதான். "லீவு கேட்டு என் முன்னால் வந்து நிற்காதே" என்று மேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. அம்மா ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்க, பத்து நாள் கூடாரத்தில் மணலோடு சேர்த்துச் சப்பாத்தி தின்றேன்.

அப்போது தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு சரி. நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ரோடு வந்தது 2017இல்தான். எங்கள் தண்ணீர் வண்டி மணலில் புதைந்து நின்றுவிட்டது. ஊத்துத் தோண்டலாம் என்றேன். 1964 புயல் ஊரையே வாரிக்கொண்டு போன பிறகும் அங்கே தங்கிய மீனவர்கள் குடித்தது ஊத்துத் தண்ணீர்தான். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெலிதாக நிற்கும். கையால் பறித்துக் கொட்டாங்கச்சியில் மொள்ளலாம். ஆழம் போனால் உப்பு ஏறிவிடும்.

"நூறு பேருக்கு இது எப்படிக் காணும்? ஆறடி தோண்டு" என்றார் மேஜர்.

"கூடாது சார், சின்னச் சின்னதாகப் பத்துக் குழி போடலாம்" என்றேன். ஜவான்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது, இப்போது புரிகிறது.

"நீ என்ன எஞ்சினியரா?"

ஆறடி தோண்டினோம். மறுநாள் காலை டீ உப்புக் கரித்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "குழி வெட்டும்போது கூட நின்றது யார்?" என்றார். நான்தான். ஒரு வாரம் தொடர்ந்து ஆர்டர்லி ஆபீசர் டூட்டி விழுந்தது, ராத்திரி பகலாக முகாமையும் காவலையும் சுற்றிப் பார்க்கும் வேலை.

எங்கள் சுபேதார் சேலத்துக்காரர், சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரிகளுக்கு அடுத்த படி வரை வந்தவர், பழம் தின்று கொட்டை போட்டவர். (அவரை நாங்கள் சாப், அதாவது ஐயா, என்போம், அவரும் எங்களைச் சாப் என்பார்.) அன்று சாயங்காலம் மேஜரிடம் போனார். "சாப், பெரிய குழியைக் குளிக்க வச்சுக்கலாம். குடிக்கிறதுக்கு நீங்க உத்தரவு போட்டா, தள்ளிச் சின்னதா நாலஞ்சு பறிச்சிடுறோம்."

"நல்ல யோசனை" என்றார் மேஜர், உடனே.

ராத்திரி காவல் பார்க்கப் போனபோது, சுபேதார் கொட்டாங்கச்சியில் மொண்டு நீட்டினார். "குடிங்க சாப், உங்க ஊர்த் தண்ணி."

கோபத்தில் வேண்டாம் என்றேன். அப்புறம் வாங்கிக் குடித்தேன்.