பொருள் வரவில்லை, பணம் போய்விட்டது: 120 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

தைக்கும்கை (பழைய வண்ணாரப்பேட்டை)

ஓவர்லாக் மெஷின் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது). ஹெட், மோட்டார், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். விற்றவரின் சொந்த வெப்சைட்டில் அக்டோபர் 6 அன்று ஆர்டர் போட்டது. அட்வான்ஸ் 2,000 யுபிஐயில், மீதி 16,500 விசா கிரெடிட் கார்டில். ஆர்டர் மெயிலில் அக்டோபர் 20க்குள் டெலிவரி என்று இருக்கிறது. பிறகு மழை, லாரி லேட் என்று சொல்லி நவம்பர் 25 என இன்னொரு மெயில். இன்று டிசம்பர் 18, மெஷின் வரவில்லை. போன் எடுக்கிறார்கள், "அடுத்த வாரம்" என்கிறார்கள்.

பேங்க் கிளையில் கேட்டால், "3 நாளைக்குள்ள சொல்லியிருக்கணும், டைம் முடிஞ்சு போச்சு" என்றார்கள். கார்டு கஸ்டமர் கேரில் 60 நாள். நெட்டில் தேடினால் 120 நாள். இதில் எது சரி? எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? யுபிஐயில் போன 2,000க்கும் இதே கணக்கா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு எத்தனை நாள் கெடு? மெஷின் என் வீட்டுத் தையல் வேலைக்குத்தான், கடை போர்டு எதுவும் இல்லை.

கார்டுமேசை

முதலில் அந்த 3 நாள். அது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கையில் வருவது. உங்களுக்குத் தெரியாமல் யாரோ பணம் எடுத்துவிட்டால் 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே இல்லை, 4 முதல் 7 நாளுக்குள் சொன்னால் நஷ்டத்துக்கு ஒரு உச்சவரம்பு என்று போகும். நீங்கள் ஓடிபி போட்டு நீங்களே செலுத்திய பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளையில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். கிரெடிட் கார்டு டிஸ்ப்யூட் (செலுத்திய பணத்தின் மேல் ஆட்சேபம்) கிளையில் நடக்கிற வேலையும் இல்லை, கார்டு பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை உங்கள் வங்கி மூலமாக விற்றவர் தரப்பிலிருந்து திரும்ப வாங்குவது. விசாவில் "பொருள் கிடைக்கவில்லை" என்பதற்குக் காரண எண் 13.1. கெடு 120 நாள். பணம் பற்றான தேதியிலிருந்து எண்ணலாம், அல்லது பொருள் வந்துவிடும் என்று நீங்கள் கடைசியாக எதிர்பார்த்த தேதியிலிருந்து எண்ணலாம். எதிலிருந்து எண்ணினாலும் பணம் பற்றான நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக்கூடாது. உங்கள் தேதிகளை வைத்துப் போட்டால் இப்படி வரும்: அக்டோபர் 6 என்றால் பிப்ரவரி 3. அக்டோபர் 20 என்றால் பிப்ரவரி 17. நவம்பர் 25 என்று தள்ளிப் போட்டார்களே, அதைப் பிடித்தால் மார்ச் 25.

மார்ச் வரை இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள் அக்கா. இந்த 120 நாள் வங்கி விசாவிடம் போட வேண்டிய கெடு. நீங்கள் வங்கியிடம் கொடுக்க வேண்டிய கெடு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஒரு பேப்பர் குறைகிறது, கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினாலே பத்து நாள் போய்விடும். 60 நாள் என்றது அந்த வங்கி தன் வாடிக்கையாளருக்கு வைத்திருக்கிற விதியாக இருக்கலாம். எந்தத் தேதியிலிருந்து 60, எந்த விதிப்படி என்று மெயிலில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்து மேலே எங்கும் போக முடியாது. எழுத்தில் மறுத்தால் அதுவே அடுத்த படிக்கு ஆதாரம். கணக்குக்கு பிப்ரவரி 3ஐயே கடைசி நாளாக வைத்துக்கொண்டு, இந்த மாதமே போட்டுவிடுங்கள்.

மாஸ்டர்கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்: 120 நாள், உச்சம் 540. வித்தியாசம், டெலிவரி தேதியே சொல்லாத ஆர்டரில் வருகிறது. விசாவில் பணம் போன நாளிலிருந்து 15 நாள் பொறுத்துத்தான் டிஸ்ப்யூட் போட முடியும், மாஸ்டர்கார்டில் 30 நாள். சீக்கிரம் போட்டாலும் தள்ளிவிடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது வேலை. முதலில் விற்றவருக்கு மெயில். வாட்ஸ்ஆப் ஆடியோ வேண்டாம். ஆர்டர் எண், தொகை, அக்டோபர் 20 மற்றும் நவம்பர் 25 என்று அவர்கள் தந்த இரண்டு தேதிகள், இரண்டும் தாண்டிவிட்டன, ஆர்டரை ரத்து செய்கிறேன், 7 நாளுக்குள் அதே கார்டுக்குப் பணத்தைத் திருப்புங்கள். அவ்வளவுதான், நாலு வரி போதும். "சீக்கிரம் அனுப்புங்க" என்று மட்டும் எழுதினால், நீங்கள் இன்னும் பொருளை எதிர்பார்ப்பதாக அவர்கள் திருப்பி வாதாடுவார்கள்.

ஏழு நாள் கழித்து வங்கிக்கு: டிஸ்ப்யூட் படிவம், ஆர்டர் மெயில், டெலிவரி தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட், தேதி தள்ளிய மெயில், ரத்து மெயில், கார்டு ஸ்டேட்மென்டில் அந்த வரி. வெப்சைட் ஆர்டர் பக்கத்தை இன்றைக்கே பிடிஎஃப் எடுத்து வையுங்கள், அந்தத் தேதியை நாளைக்கு மாற்றிவிட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் "நான் செய்யாத பரிவர்த்தனை" என்பதைத் தொடவே தொடாதீர்கள். கார்டை பிளாக் செய்வார்கள், ஓடிபி பதிவை எடுத்துப் பார்த்து நீங்கள்தான் செய்தது என்று மூடிவிடுவார்கள். அப்புறம் சரியான காரணத்தில் மறுபடி திறக்க வைக்க அலைய வேண்டும், அதற்குள் பிப்ரவரி வந்துவிடும்.

இடையில் தற்காலிகமாகப் பணம் கிரெடிட் ஆகலாம். அது முடிவல்ல. எதிர்த்தரப்பு வங்கி ஆதாரம் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதனால் அதைச் செலவு செய்யாதீர்கள். அந்த 16,500ஐ நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று வங்கி எழுத்தில் சொல்லாத வரை பில்லையும் கட்டிவிடுங்கள். வட்டி ஏறினால் அது தனி வழக்காகிவிடும்.

பெரம்பூர்வாசி

யுபிஐ 2,000 பற்றி. கார்டில் இருக்கிற 120 நாள் உரிமையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். யுபிஐயில் அடிக்கடி சொல்கிற டி+5 (பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாள்) என்பது, கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி போகாமல் மாட்டிக்கொண்ட பரிவர்த்தனைக்கு. அதுவும் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைதான், 5 நாளில் தானாகத் திரும்பாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. உங்கள் பணம் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதனால் அது பொருந்தாது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, கீழே இருக்கிற புகார் பட்டனில் பொருள் கிடைக்கவில்லை என்று போடுங்கள், வருகிற புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் இணையதளத்திலும் யுபிஐ புகார்ப் பக்கம் இருக்கிறது.

பணம் வாங்கிய யுபிஐ ஐடி கம்பெனி பெயரிலா, தனி நபர் பெயரிலா என்று பாருங்கள். தனி நபர் பெயர், வெப்சைட்டில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை என்றால் இது தாமதம் இல்லை, மோசடி. அப்போது சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடித்து சைபர் கிரைம் தளத்தில் பதிய வேண்டும். அங்கே கெடு நாள் கணக்கில் இல்லை, மணிக் கணக்கு. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன்னால் சொன்னால்தான் முடக்க முடியும். இவர்கள் போன் எடுக்கிறார்கள் என்பதால் உடனே அப்படி முடிவு கட்டவும் வேண்டாம்.

மனுக்காரர்

கன்ஸ்யூமர் பக்கம் நான் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம். அதைத் தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைக் கொடுப்பதும் மறுப்பதும் நுகர்வோர் ஆணையத்தின் (நாம் கன்ஸ்யூமர் கோர்ட் என்பது) கையில். உங்கள் விஷயத்தில் முதல் தேதியான அக்டோபர் 20ஐ வைத்தே எண்ணுங்கள். மெயில் போட்டுக்கொண்டே இருந்தால் 2 வருடம் நீளும் என்பது தப்பு. 1915க்குப் புகார் செய்தாலும் நீளாது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை, கம்பெனிக்குப் புகாரை அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, சிறிய விற்பனையாளர்கள் பலர் இதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதோடு, 2020 மின்வணிக விதிகளின்படி வெப்சைட்டில் குறைதீர் அலுவலர் பெயர் இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் ரத்து மெயிலில் அவரையும் சேர்த்துப் போடுங்கள். அந்தப் பெயரே தளத்தில் இல்லை என்றால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மனுவில் ஒரு பத்தி ஆகும்.

விற்றவர் சூரத்தில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பிரிவு 34 அதற்குத்தான். வண்ணாரப்பேட்டை என்றால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் வழக்குத் தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு சிக்கல் வரும், அதை இப்போதே கவனியுங்கள். எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, "இது வணிக நோக்கத்துக்கு வாங்கிய மெஷின், இவர் நுகர்வோரே இல்லை" என்பதுதான். சட்டத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் தானே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது. அதனால் மனுவில் "வாழ்வாதாரத்துக்காக நானே இயக்கும் மெஷின்" என்ற வரி கண்டிப்பாக இருக்க வேண்டும். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். கடைப் பெயரிலோ ஜிஎஸ்டி எண்ணிலோ பில் வாங்கியிருந்தால், நாலு பேரை வைத்து யூனிட் நடத்துகிறவர் என்று காட்டப் பார்ப்பார்கள்.

சார்ஜ்பேக்கை வங்கி மறுத்தாலோ, எழுதி 30 நாளாகியும் பதில் இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிப்பவர்) சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் போடலாம். ஆனால் அது வங்கியின் சேவைக் குறைபாட்டை மட்டும்தான் பார்க்கும், மெஷின் விற்றவரை அங்கே இழுக்க முடியாது.

தைக்கும்கை

எல்லாருக்கும் நன்றி. ரத்து மெயில் போன மறுநாளே கூரியர் டிராக்கிங் எண் அனுப்பிவிட்டார்கள். அதில் "டெலிவர்டு, 600081" என்று இன்றைக்குக் காட்டுகிறது! எங்கள் பின்கோடு 600021. வீட்டுக்கு யாரும் வரவில்லை. கேட்டால், "வங்கியில் எதுவும் போடாதீங்க மேடம், போட்டிருந்தா வாபஸ் வாங்குங்க, விசாரிச்சு வேற மெஷின் அனுப்புறோம்" என்கிறார்கள்.

கொடுங்கையூர்_கூரியர்

81 தண்டையார்பேட்டை, 21 பழைய வண்ணாரப்பேட்டை. பக்கத்து ஏரியாதான், பார்சல் மாறிப் போவது நடக்கிற விஷயம். பழைய எண், புதிய எண் இரண்டையும் போடாத முகவரி, ஏரியாவுக்கு ரெண்டு பிள்ளையார் கோயில் தெரு, போர்டு குடியிருப்பில் பிளாக் எண் இல்லாத முகவரி, இதிலெல்லாம் தினமும் மாறும். ஆனால் டிராக்கிங் பக்கத்தில் பின்கோடும் ஊரும்தான் தெரியும், பெயரும் கதவு எண்ணும் தெரியாது. அதை வைத்தே ஒரு வேலை நடக்கிறது: அதே ஏரியாவில் யாருக்கோ ஒரு சின்னக் கவரை அனுப்பி, அந்த எண்ணை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். டெலிவரி ஆனதாக ரெக்கார்டு வந்துவிடும்.

எப்படிப் பிடிப்பது? எடையைப் பாருங்கள். டிராக்கிங்கில் இல்லாவிட்டால் கூரியர் அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஹெட், மோட்டார், ஸ்டாண்டு சேர்ந்த ஓவர்லாக் என்றால் மொத்தம் பல பத்து கிலோ, ஒரே பெட்டியில் வராது, குறைந்தது இரண்டு பெட்டியாக வரும். ஒரே பெட்டி, 0.5 கிலோ என்று இருந்தால் அது உங்கள் மெஷினே இல்லை. அடுத்து பிஓடி, அதாவது டெலிவரி எடுத்தவர் பெயர், கையெழுத்து, முகவரி இருக்கிற நகல். வாங்குபவருக்கு நேராகத் தர மறுக்கலாம், அனுப்பியவர் கேட்டால் கொடுப்பார்கள். அதனால் விற்றவரிடம் மெயிலில் பிஓடி கேளுங்கள். கொடுக்காமல் நழுவினால் அந்த மெயிலையும் சேர்த்து வையுங்கள். கூரியருக்கும் இன்றைக்கே எழுத்தில் "என் முகவரிக்கு வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். நாள் போகப் போக ஹப்பில் ரெக்கார்டு தேடுவது கஷ்டம்.

கார்டுமேசை

வாபஸ் என்ற பேச்சே வேண்டாம். டிஸ்ப்யூட்டை நீங்களே மூடினால் அதே பரிவர்த்தனைக்கு மறுபடி திறப்பது மிகக் கஷ்டம், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் நேர்மையானவர்கள் என்றால் கார்டுக்கே பணத்தைத் திருப்பட்டும். அது ஸ்டேட்மென்டில் வந்த பிறகு நீங்களே வங்கிக்குச் சொல்லி மூடலாம். ஸ்டோர் கிரெடிட், வேறு மாடல் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். நிஜமாகவே மெஷின் வாசலுக்கு வந்துவிட்டால், ஆர்டர் ரத்து என்று சொல்லி வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்டால் டிஸ்ப்யூட் நிற்காது.

7 நாள் முடியும் வரைகூட இனிக் காத்திருக்க வேண்டாம், பொய் டெலிவரி ரெக்கார்டு வந்துவிட்டது. நாளைக்கே படிவத்தைப் போடுங்கள். முதல் பத்தியிலேயே பின்கோடு வித்தியாசத்தை எழுதுங்கள்: பில்லில் 600021, டிராக்கிங்கில் 600081, எடை இவ்வளவு, பெட்டி இத்தனை. விற்றவர் தரப்பு வங்கி அந்த "டெலிவர்டு" பக்கத்தைத்தான் பதிலாகக் கொடுக்கும். உங்கள் பேப்பர் முன்னாலேயே ஃபைலில் இருக்கட்டும்.