தடவிக் கொடுக்கும்போதே பூனை கடிக்கிறது: பாசமா, கோபமா?

செவ்வந்திவீடு (கேள்வி)

எங்கள் பூனைக்கு இரண்டு வயது. பெண், கருத்தடை ஆகிவிட்டது. தானாகவே வந்து மடியில் ஏறும், குர்குர் என்று சத்தம் போடும், முன்னங்கால்களால் சேலையைப் பிசையும். தலையிலிருந்து வால் வரை நீளமாகத் தடவினால் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும். பிறகு சட்டென்று திரும்பிக் கையைக் கடிக்கும். கடித்துவிட்டு அதே மடியில் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொள்ளும்! வீட்டில் ஒரு நாட்டு நாயும் இருக்கிறது. ஆறு வயது மகள் அதைக் கட்டிப்பிடித்தால் அசையாமல் நிற்கும். பூனைக்கு மட்டும் பாசம் குறைவா?

மீசைக்காரன்

பாசம் குறைவில்லை அக்கா. மடிக்கு வந்தது சூட்டுக்கும் உங்கள் வாசனைக்கும். தடவச் சொல்லி வந்தது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். சேலையைப் பிசைவது குட்டியில் தாய்மடியை அமுக்கிப் பால் குடித்த பழக்கம். நிம்மதியாக இருக்கும்போது அது திரும்பி வரும்.

கோளாறு அந்தத் "தலையிலிருந்து வால் வரை"யில் இருக்கிறது. பூனைக்கு வாசனைச் சுரப்பிகள் கன்னத்திலும், தாடைக்குக் கீழும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலும் உண்டு. கதவு நிலையிலும் உங்கள் காலிலும் உரசுவது அந்த இடங்களைத்தான். நம் விரல் அங்கே பட்டால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். இடுப்பு, வாலடி, வயிறு, பாதம் எல்லாம் வேறு கதை. வாலடியில் தொட்டால் சில பூனைகள் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், அதைப் பார்த்து நாம் தொடர்வோம், கொஞ்ச நேரத்தில் அதற்கே தாங்காமல் போய்விடும்.

"சட்டென்று" என்கிறீர்கள். கையைப் பார்க்காமல் பூனையைப் பாருங்கள். முதலில் வால் நுனி மட்டும் தட்தட்டென்று அடிக்கும். முதுகுத் தோல் ஒருமுறை அலைபோல் சிலிர்க்கும். காது பக்கவாட்டில் திரும்பும். குர்குர் நின்றுபோகும். கடைசியாகத் தலை உங்கள் கையை நோக்கித் திரும்பும், அடுத்தது பல். முழுதும் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடலாம். டிவி பார்த்துக்கொண்டே தடவுகிறவர்களுக்கு இது தெரியாது. குர்குர் தொடர்கிறதே என்று நம்பவும் வேண்டாம், வலியில் இருக்கும் பூனையும் அந்தச் சத்தம் போடும்.

செய்யவேண்டியது: விரலைத் தளர்வாக மடக்கி அதன் மூக்கு உயரத்தில் ஒரு சாண் தள்ளி நீட்டுங்கள். அது வந்து கன்னத்தை உரசினால், கன்னத்திலும் காதடியிலும் மயிர் போகும் திசையில் மூன்று நான்கு தடவு. கையை எடுத்துவிடுங்கள். தலையால் முட்டிக் கேட்டால் மறுபடி. முகத்தைத் திருப்பினால் அவ்வளவுதான். இப்போது ஒரு நிமிடத்தில் கடிக்கிறது என்றால் முப்பது விநாடியில் நீங்களே நிறுத்துங்கள். அது மடியிலேயே இருக்கட்டும், கை மட்டும் வேண்டாம். 2021இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வில், தேர்வைப் பூனையிடம் விடு, அதன் உடல்மொழியைக் கவனி, தொடும் இடத்தைப் பார் என்று மனிதர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பூனைகளின் சீற்றம் குறைந்து நட்பு கூடியது.

கடித்துவிட்டால் கையை இழுக்காதீர்கள். இழுத்தால் இரை ஓடுகிறது என்று இன்னும் அழுத்திப் பிடிக்கும், தோலும் கிழியும். கையை அப்படியே வைத்திருந்தால் விட்டுவிடும். அடிப்பது, தண்ணீர் தெளிப்பது இரண்டும் வீண். உங்கள் கை என்றாலே பயம் என்று ஆகிவிடும்.

முன்பெல்லாம் இடுப்பைத் தொட விட்ட பூனை இப்போதுதான் கடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றால் கதை வேறு. தெள்ளுப்பூச்சி, தோல் புண், மூட்டுவலி எதுவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாலாட்டி

பூனையை விட உங்கள் நாயைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கட்டிப்பிடித்தால் அசையாமல் நிற்பது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு விறைத்து மூச்சுகூட நின்றாற்போல் இருந்தால், அது கடிக்கு முந்தைய கட்டமாகவும் இருக்கலாம். நாய்க்கு அணைப்பு என்பது நகரவிடாமல் பிடித்துவைப்பது. மகள் பிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்: உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா, தலையைத் திருப்பி ஓரக்கண்ணின் வெள்ளை தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே பிரித்துவிடுங்கள். குழந்தையின் முகம் நாயின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மகளுக்கு மாற்று சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நாய் தானாக வந்தால், மார்பிலோ தோளிலோ மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடு. இன்னும் ஒட்டி வந்து சாய்ந்தால் தொடரு. உச்சந்தலையில் மேலிருந்து கையை இறக்காதே. தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டவே போகாதே. பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

உறுமினால் திட்டக் கூடாது. உறுமல்தான் எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் அடுத்தமுறை மணி அடிக்காமலே கடி வரும்.

வாலையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இடுப்போடு சேர்த்து உடம்பே குழைந்தால் பாசம். வால் உயரத் தூக்கி விறைப்பாகச் சிறு வீச்சில் துடித்தால் அது பதற்றம். அமைதியாக இருக்கும் வீட்டு நாய் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும் மிரட்டல் இல்லை. அப்படிப் பார்த்துக்கொள்ளும்போது நாய்க்கும் வளர்ப்பவருக்கும் ஆக்சிடோசின் என்ற பாசத்தோடு தொடர்புடைய ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. தெரியாத நாயிடம் இதை முயன்று பார்க்காதீர்கள்.

செவ்வந்திவீடு

நன்றி. நாயைப் பார்த்தேன், உதட்டை நக்குகிறது! மகளிடம் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: பூனை மல்லாந்து வயிற்றைக் காட்டுகிறதே, அது அழைப்புதானே? பதிலுக்கு அதற்குப் புரியும்படி நாம் எப்படிப் பாசம் காட்டுவது?

மீசைக்காரன்

"உன் பக்கத்தில் எனக்குப் பயமில்லை" என்பதோடு சரி. கையை வைத்தால் நான்கு காலாலும் கட்டிக்கொண்டு பின்னங்காலால் உதைத்துப் பிறாண்டும்.

பதிலுக்குக் கண்ணால் பேசுங்கள். நேராக முறைக்காமல், பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடி, மெதுவாகத் திறங்கள். அதுவும் கண்ணைச் சுருக்கினால் பதில் வந்துவிட்டது. 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், வளர்ப்பவர் இப்படிச் செய்தபோது பூனைகளும் அதிகமாகக் கண்ணைச் சுருக்கின. வாலை நட்டமாகத் தூக்கி நுனியைக் கொக்கிபோல் வளைத்து வந்தால் அது வணக்கம். குனிந்து விரலை நீட்டினால் போதும், தூக்கவேண்டியதில்லை.

கூண்டுப்பக்கம்

தலைப்பைப் பார்த்து லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்களும் வருவார்கள் என்பதால்: தலையும் கழுத்தும் மட்டும். முதுகு, இறக்கைக்கு அடி, வாலடி தடவினால் பறவை அதை இணை சேரும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும். பெட்டை ஜோடியில்லாமலே முட்டை வைத்து, முட்டை உள்ளே அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தலையை ஆட்டி ஆட்டித் தீனியைக் கக்கி உங்கள் விரலில் வைத்தால் அது ஊட்டிவிடுவது. தலையை உதறிச் சிதறடித்து, உச்சி மயிர் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் நோய்.

வாலாட்டி

இதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். கடியோ கீறலோ, ரத்தம் வந்தால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பவேண்டாம். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் ஊசியும் தேவைப்படும். பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். மறுநாள் அந்த இடம் வீங்கிச் சிவந்து விண்விண் என்று தெறித்தால் கிருமி உள்ளே தங்கிவிட்டது. அன்றைக்கே மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.