பத்தாவது புக்லேர்ந்து பீரியாடிக் டேபிளையும் பரிணாமத்தையும் எடுத்தா கடலூர், பாண்டி தொழிலுக்கு நஷ்டமா இல்லையா?

கெடிலக்கரை:
இத நம்ம பக்கம் யாருமே பேச மாட்றாங்க. பாண்டி அரசுப் பள்ளியில 2023-24லேர்ந்து பெரிய கிளாஸுக்கும் சிபிஎஸ்இ வந்துடுச்சு, அதே சமயத்துல சிபிஎஸ்இ பள்ளிக்கு புக் போடற என்சிஇஆர்டி பத்தாவது சயின்ஸ்லேர்ந்து பீரியாடிக் டேபிளையும் (தனிம வரிசை அட்டவணை) பரிணாமத்தையும் தூக்கிட்டாங்க. 1800 பேருக்கு மேல விஞ்ஞானிங்களும் வாத்தியாருங்களும் கையெழுத்து போட்டு பரிணாமத்த எடுக்க வேணாம்னாங்க, எடுபடல. பெண்ணையாத்துக்கு இந்தப் பக்கம் கடலூர்ல தமிழ்நாடு புக்ல ரெண்டும் தனித்தனி பாடமா இருக்கு. பாகூர் பையனும் கடலூர் பையனும் வேலைக்கு நிக்கப்போறது ஒரே சிப்காட் கேட்லதான்.

வில்லியனூர் அப்பா:
பாடச்சுமையக் குறைக்கத்தான் எடுத்தோம்னு அவங்களே சொல்லிட்டாங்களே. பீரியாடிக் டேபிள் பதினொண்ணாவதுல இருக்கு, பரிணாமம் பன்னெண்டாவது பயாலஜில இருக்கு, எங்கயும் ஓடிப்போகல. என் பொண்ணு அரசுப் பள்ளிதான். நீட்டுக்கு என்சிஇஆர்டி புக்கத்தான் எல்லாரும் கரைச்சு குடிக்கிறாங்க, பீஸ் கட்ட முடியாத எங்க வீட்டுப் புள்ளைக்கும் அதே புக் இப்ப கைக்கு வந்துருக்கு, ஒரு வீட்ல ஒரு டாக்டர் வந்தா அந்தக் குடும்பமே நிமிந்துடும், பொருளாதாரம்னு நீங்க பேசறது எனக்கு இதுதான்.

சிப்காட் லேப்:
பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப் எடுக்கறவனுக்குத்தான சார் அது? பத்தாவதோட ஐடிஐ போறவன், காமர்ஸ் போறவன் கண்ணுல அது படவே படாது. கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர் ட்ரேடுக்கு பத்தாவது பாஸ் போதும், ரியாக்டர் பக்கத்துல நிக்கப்போறவன் அவன்தான். நான் இன்டர்வியூல ஒரே கேள்விதான் கேப்பேன், 40 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு போடற எடத்துல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடணும்னா எவ்ளோ எடை போடுவன்னு. விடை 56 கிலோ. அணு எடை சோடியம் 23, பொட்டாசியம் 39, அந்த 16 வித்தியாசம்தான் எடைல கூடுது, ஆனா ரெண்டும் ஒரே குடும்பம், வேலையும் ஒரே மாதிரிதான் செய்யும், டேபிள் மனசுல இருந்தா அர நிமிஷம் போதும். இல்லாத பையன் அதே 40ஐ சொல்லுவான். பேட்ச்ல 40ஐப் போட்டான்னா காரம் பத்தாம மொத்த சரக்கும் வீணாயிடும், அது யார் நஷ்டம்?

அரியாங்குப்பம் காத்து:
ஐடிஐல அத சொல்லித்தர மாட்டாங்களா? பாண்டிக்கு கம்பெனி வந்ததே வரிச்சலுகைக்குத்தான், பாடப்புத்தகத்தப் பாத்து எவனும் வரல. கரண்ட், தண்ணி, ரோடு இத வச்சுத்தான் மொதலாளி முடிவெடுப்பான்.

கெடிலக்கரை:
அந்த சலுகை போனதும் எத்தன கம்பெனி பூட்டு போட்டுச்சுன்னு மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்ல ஒரு சுத்து சுத்தினா தெரியும். மிச்சம் நிக்கறது வேலை தெரிஞ்ச ஆளுங்கதான். அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்துல 1999ல கல்வி போர்டு 6க்கு 4 ஓட்டுல பரிணாமத்த பாடத்திட்டத்துலேர்ந்து ஏறக்குறைய எடுத்தே விட்டாங்க. மூணு பெரிய அறிவியல் அமைப்பு நாங்க எழுதின வரிகள உங்க பாடத்திட்டத்துல போடக்கூடாதுன்னுட்டாங்க. 2004ல அதே மாநிலம் பயோடெக் கம்பெனிங்கள இழுக்க சட்டம் போட்டு தனி அமைப்பு வச்சுது, அடுத்த வருஷமே போர்டு மறுபடி பரிணாமத்துல கை வச்சுது. ஒரு கையால கூப்ட்டு இன்னொரு கையால கதவ சாத்தினா எவன் வருவான்?

அரியாங்குப்பம் காத்து:
அதனால கான்சஸ் முழுகிப் போச்சா? அங்க விச்சிடா ஊர்ல விமானத் தொழிற்சாலை இன்னும் ஓடுதுல்ல. பேர் கெட்டுச்சுன்னு சொல்லுங்க ஒத்துக்கறேன், பொருளாதாரம் விழுந்துச்சுன்னா கணக்கக் காட்டுங்க.

நெல்லிக்குப்பம் கரும்பு:
கணக்கு எங்க வயல்ல இருக்கு தம்பி. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த சிஓசி 671 ரகம், சர்க்கரைச் சத்துல அத அடிச்சுக்க ஆளில்ல, கடைசில செவ்வழுகல்ங்கற பூஞ்சை நோய்ல விழுந்துச்சு. தோகை காஞ்ச கரும்ப நெடுக்குல பொளந்து பாத்தா உள்ள செவசெவன்னு இருக்கும், குறுக்க குறுக்க வெள்ளத் திட்டு, புளிச்ச சாராய வாடை அடிக்கும். அந்தப் பூஞ்சை மாறிக்கிட்டே இருக்கு, புது ரகம் வந்தா அதுவும் புதுசா மாறி வரும், பரிணாமம்ங்கறது எங்களுக்கு இதான். உத்தரப்பிரதேசத்துல சிஓ 0238 ரகம் ஒன்னையே நம்பி பெரும்பகுதி நிலத்துல நட்டாங்க, அதையும் இதே நோய்தான் சாச்சுது. இது புரியாதவன் நோய் வந்த வயல்லேர்ந்தே விதைக்கரணை எடுத்து பக்கத்துக் கொல்லையில நடறான்.

வில்லியனூர் அப்பா:
கரும்பு ஆபீசர் வந்து சொன்னா கேட்டுக்கப் போறாங்க, இதுக்குப் பத்தாவதுல டார்வின் எதுக்குங்க ஐயா?

நெல்லிக்குப்பம் கரும்பு:
ஆபீசர் ஏன் சொல்றாருன்னு வெளங்கினாத்தான் செய்வான். இல்லன்னா தலையாட்டிட்டு பழையபடியே நடுவான், நான் தினம் பாக்கறேன்.

கெடிலக்கரை:
எனக்கு வயித்தெரிச்சல் வேற எடத்துல. கான்சஸ் போர்டு ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறது, 2000ல அந்த ஆளுங்கள்ல சில பேர வீட்டுக்கு அனுப்பி 2001ல பாடத்த திருப்பிக் கொண்டாந்தாங்க, 2005ல மறுபடி கெடுத்தத 2007ல மறுபடி சரி பண்ணாங்க. பாண்டிக்குன்னு சொந்த போர்டே கிடையாது. டெல்லில எடுத்த பாடத்துக்கு பாகூர்க்காரன் யாருக்கு எதிரா ஓட்டு போடுவான்?

அரியாங்குப்பம் காத்து:
சொந்த போர்டு இருந்தா மட்டும் அரசியல் இல்லையா? 2011ல ஆட்சி மாறினதும் சமச்சீர் புக்க நிறுத்தி வச்சு, ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்ற வரைக்கும் தமிழ்நாட்டுப் புள்ளைங்க புக் இல்லாம ஒக்காந்துருந்துச்சே.

கெடிலக்கரை:
ஒக்காந்துருந்துச்சு, அதுவும் அநியாயம்தான். ஆனா அப்ப சென்னையில சண்ட போட ஒரு எடம் இருந்துச்சு. நான் சிபிஎஸ்இய எடுங்கன்னு கேக்கல, அந்த ரெண்டு பாடத்த பத்தாவதுல கூடுதலா நடத்தணும்னு பாண்டி அரசு ஒரு உத்தரவு போடட்டும்னு மனு குடுக்கலாம்.

வில்லியனூர் அப்பா:
பரீட்சைல வராத பாடத்த எந்த வாத்தியார் நடத்துவார்? மாதிரிப் பரீட்சைல அதுலேர்ந்து கேள்வி வரணும்னு சேத்து எழுதுங்க, அப்ப மனுவுல நானும் கையெழுத்து போடறேன். நீட்டுக்கு இருக்கற வசதியக் கெடுக்கற மாதிரி ஒரு வரி இருந்தாலும் போட மாட்டேன்.

சிப்காட் லேப்:
தமிழ்நாடு பத்தாவது சயின்ஸ் புக் நெட்லயே இலவசமா கெடைக்குது. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் ஞாயித்துக்கெழம ஒரு ரூம் யாராச்சும் குடுத்தா டேபிள் பாடத்த நான் வந்து எடுக்கறேன், எடம் இருக்கறவங்க சொல்லுங்க.