92 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆல்பா மட்டும் ஏன் பூஜ்யத்துக்குக் கீழே?

கேள்வி: தமிழ் நாளிதழ்ச் செய்திகளில் உள்ளடக்கப் பகுப்பாய்வு. செமெட்கோ, வால்கென்பர்க் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் தந்த ஐந்து சட்டகங்களில் (செய்தி ஒரு விஷயத்தை முன்வைக்கும் கோணங்கள்) அறநெறிச் சட்டகம் மட்டும் இடிக்கிறது. 100 செய்திகளை இருவர் தனித்தனியே குறியிட்டோம். இருவரும் ‘இல்லை’ 90, இருவரும் ‘உண்டு’ 2, ஒருவர் மட்டும் ‘உண்டு’ 8 (ஆளுக்கு 4). தற்செயலைக் கழித்துவிட்டு இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று சொல்லும் அளவு கிரிப்பென்டார்ஃப் ஆல்பா; அதைக் கணக்கிடும் ஆர் மென்பொருளின் கிரிப்.ஆல்பா கட்டளை −0.005 காட்டுகிறது. என்ன பிழை?

பதில் 1: ஆல்பாவுக்கு மேலே உள்ள வரிகளைப் பாருங்கள். ‘சப்ஜெக்ட்ஸ் = 2, ரேட்டர்ஸ் = 100’ என்று இருக்கும், அதாவது 2 செய்தி, 100 குறியீட்டாளர்கள் என்று தலைகீழாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கோஹனின் கப்பா என்ற இன்னொரு ஒத்திசைவு அளவைக் கணக்கிடும் கப்பா2-வுக்குச் செய்திகள் வரிசையில் இருக்க வேண்டும், கிரிப்.ஆல்பாவுக்குக் குறியீட்டாளர்கள்தான் வரிசையில். டி() போட்டு அட்டவணையைத் திருப்புங்கள். அதற்கு முன் செய்தி எண் உள்ள பத்தியை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதையும் மூன்றாவது ஆளாக எண்ணிவிடும். விடுபட்ட குறிகளுக்கு என்ஏ (தரவு இல்லை) என்று போடுங்கள். 0 போட்டால் ‘இல்லை’ ஆகிவிடும்.

கேட்டவர்: நன்றி, இப்போது 0.294. இதுவும் ஏற்கத்தக்க குறைந்த எல்லையான 0.667-ஐத் தொடவில்லையே. குவெட்டின் ஏசி1 என்ற வேறொரு ஒத்திசைவு அளவில் 0.91 வருகிறது, அதைக் கொடுக்கலாமா?

பதில் 2: வேண்டாம். மொத்தம் 200 குறிகளில் ‘உண்டு’ வெறும் 12. இப்படி ஒருபக்கம் சாய்ந்த தரவில் தற்செயலாகவே வரக்கூடிய முரண்பாடு 2×12×188÷(200×199), அதாவது 0.113தான். உங்களுடையது 0.08 (100-இல் 8). பெரிய வித்தியாசம் இல்லை, அதனால்தான் ஆல்பா 1 − 0.08÷0.113, அதாவது 0.29. ஒருவராவது ‘உண்டு’ என்ற 10 செய்திகளில் இருவரும் சேர்ந்தது 2-இல்தான். ஆல்பா உண்மையைத்தான் சொல்கிறது. கோளாறு குறியீட்டு நூலில் (எதை எப்படிக் குறியிடுவது என்ற விதிகளில்) இருக்கிறது.

பதில் 3: அந்த 8 செய்திகளையும் எடுத்துப் படியுங்கள், பெரும்பாலும் கோயில் செய்தியாக இருக்கும். ‘அறநெறி, கடவுள், சமயக் கோட்பாடு குறிப்பிடப்படுகிறதா’ என்ற அறநெறிச் சட்டகக் கேள்வி, செமெட்கோவும் வால்கென்பர்க்கும் 1997 ஆம்ஸ்டர்டாம் ஐரோப்பியத் தலைவர்கள் கூட்டத்தை ஒட்டிய டச்சுச் செய்திகளை ஆராய்ந்தபோது பயன்பட்டது. ஐரோப்பிய அரசியல் செய்தியில் கடவுள் பெயர் வந்தாலே அது கவனிக்க வேண்டிய அடையாளம். நம் நாளிதழில் குடமுழுக்கு, தேரோட்டம் எல்லாமே அதில் விழுந்துவிடும்.

விதியை இப்படி இறுக்குங்கள்: கடவுளோ சமயமோ ஒரு செயலைச் சரி, தவறு என்று தீர்க்கப் பயன்பட்டால் மட்டுமே ‘உண்டு’. ‘பக்தர்கள் வடம் பிடித்துத் தேர் இழுத்தனர்’ என்பது ‘இல்லை’. ‘கோயில் நிலத்தை அபகரிப்பது தெய்வக் குற்றம்’ என்று ஒருவர் பேசியது ‘உண்டு’. இரண்டு எடுத்துக்காட்டுகளையும் குறியீட்டு நூலிலேயே எழுதிவிடுங்கள். கேள்வியைத் திருத்தியதை முறையியல் பகுதியில் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் 2: பேசித் தீர்த்த அதே 100-ஐ மறுபடி குறியிட்டு வரும் ஆல்பா செல்லாது. புதிய செய்திகள் வேண்டும். இந்தச் சட்டகம் வரக்கூடியவற்றைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து எடுங்கள், எடுத்த விதத்தையும் எழுதுங்கள். ‘எத்தனை சதவீதச் செய்திகளில் வந்தது’ என்ற கணக்கை மட்டும் இந்த மாதிரியிலிருந்து எடுக்காதீர்கள், அது முதன்மை மாதிரியிலிருந்து வர வேண்டும். 0.8 வந்தால் நிம்மதி. 0.667-க்கு மேல் என்றால் முடிவைத் தயக்கத்தோடு சொல்லலாம். அதற்கும் கீழே நின்றால் இந்த மாறியை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள்.